பங்கரின் மூலை

விசுவமடுவில் எங்கள் பழைய வளவில் இன்னும் தூராமல் கிடக்கும் பங்கரை, அந்தப் பதுங்குகுழியை, படம் எடுத்து வந்திருந்தேன். அதே படத்தை இரண்டு மென்பொருள்களில் கறுப்பு வெள்ளையாக மாற்றித் திரையில் அருகருகே வைத்தேன். முதலாவது பங்கரின் வாயைக் கரியாகவே விட்டிருந்தது. இரண்டாவது அந்த இருட்டைத் திறந்து மண்சுவரையும் வேர்களையும் காட்டியது. இரண்டாவதுதான் நல்ல வேலை. ஆனால் என் கண் முதலாவதையே திரும்பத் திரும்பப் பார்த்தது.

சண்டை நடந்த காலத்தில் எனக்கு எட்டு வயது. பிளேன் இரைந்தால் ஓடிப்போய் அதற்குள் இறங்க வேண்டும். வெயிலில் நின்று பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஈரமண்ணும் மேலே அடுக்கியிருந்த உக்கிய தென்னங்குற்றியும் மட்டும் மணக்கும். குண்டைவிடப் பாம்புக்குத்தான் பயந்தேன். அக்கா முதலில் இறங்கித் தடியால் மூலைகளைத் தட்டுவாள். "ஒண்டுமில்லை, இறங்கடி" என்று அவள் சொன்னால்தான் என் கால் அசையும்.

ஒருநாள் தட்டிக்கொண்டிருந்த தடி பாதியில் நின்றது. பிளேன் தலைக்கு மேல் வந்துவிட்டது.

"ஒண்டுமில்லை, இறங்கடி!"

இறங்கியதும் என்னை வாசல் பக்கம் இழுத்து, தான் மூலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சு என் முதுகில் அடித்தது. சத்தம் ஓயும்வரை அசையவிடவில்லை.

இப்போது அக்கா தேத்தண்ணியோடு வந்து, என் தோளில் கைவைத்துத் திரையைப் பார்த்தாள்.

"எது நல்லம், அக்கா?"

"இருட்டாய் இருக்கிறதையே வை."

"அண்டைக்கு மூலையில பாம்பு கிடந்ததோ?"

தோளில் இருந்த கை இறுகியது.

"ஒண்டுமில்லையடி."