ரோசலின் அக்காவின் இடது கை

காலை ஷிப்டில் முதல் டீ வருவதற்கு முன்பே எங்கள் தையல் லைன் நின்றது. கரண்ட் போகவில்லை. சூப்பர்வைசர் அம்மாவே வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். "நம்ம ரோசலின் கம்பெனி பஸ்ஸுக்கு ரோடு தாண்டும்போது லாரி அடிச்சிடுச்சி. அங்கயே போய்ட்டா" என்றார். பக்கத்து மிஷினில், முந்தின நாள் அக்கா பாதி தைத்து வைத்த ஷூவின் மேல்தோல் ஊசிக்கு அடியில் அப்படியே இருந்தது. அதை உருவி எடுத்துச் சுவரில் அடித்தேன். யார் மேல் கோபம் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நினைவுக் கூட்டத்தில் படிப்பதற்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். சாந்தமானவர், பொறுமைசாலி என்றெல்லாம் எழுதினால் அக்காவே எழுந்து வந்து என்னை அறைவார். அவர் சாந்தமானவர் இல்லை. கெட்ட வார்த்தை பேசுவார், கை நீட்டுவார். ஆம்பூரில் எங்கள் கம்பெனி வாசலில் பெண்களைப் பார்த்து விசிலடித்த ஒருவனை டிபன் கேரியராலேயே மண்டையில் போட்டவர். அவர் வாழ்ந்த மாதிரியே எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மரியாதை எல்லாம் அக்காவுக்குத்தான். அவர் புருஷன் ஸ்டீபனுக்கு 'அவர், இவர்' போட என் பேனாவுக்கு மனசு வரவில்லை.

ஸ்டீபன் வாணியம்பாடியில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், முடி உதிரத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவன். கல்யாணமான புதிதிலேயே அடி ஆரம்பித்துவிட்டது. சோற்றில் உப்பு ஜாஸ்தி என்றால் அடி, கம்மி என்றால் அடி. அக்காவும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர் இல்லை. ஒருமுறை அவன் விரலைக் கடித்து வைத்தார். அவன் ஒரு வாரம் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மிஷினில் நசுங்கிவிட்டது என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தான். ஆனாலும் உடம்பு பலம் அவனுக்குத்தான் அதிகம். திங்கட்கிழமைகளில் அக்கா வேலைக்கு வரும்போது கன்னம் வீங்கியிருக்கும். யாராவது பாவமாகப் பார்த்தால், "இன்னா பாக்கற? போயி அவன் விரலைப் பாரு" என்பார்.

கம்பெனி பஸ்ஸில் டிரைவரிடம் சிரித்துப் பேசினார் என்று ஸ்டீபனிடம் யாரோ கொளுத்திப் போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராக அக்காவைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் டாட்டூ கடைக்கு இழுத்துப் போனான். இடது முன்கையின் உள்பக்கம், பெரிய எழுத்தில், தன் பெயரைக் குத்த வைத்தான். அக்கா கையை இழுக்காமல் இருக்கத் தோளை முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் பயந்துபோய், வேண்டாம் சார் என்று இரண்டு தடவை சொன்னாராம். குத்தி முடித்ததும் எப்போதும் சொல்வதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது, தண்ணீரில் ஊறவிடக் கூடாது, வெயில் படக் கூடாது, களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும், பொருக்கு கட்டினால் பிய்க்கவே கூடாது, பிய்த்தால் மையும் அதோடு வந்துவிடும்.

மறுநாள் அக்கா சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அந்த ஆள் சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம மனப்பாடம் பண்ணிக்கினு வந்துட்டேன்டி. இப்ப எல்லாத்தையும் தலைகீழா செய்யப் போறேன்" என்றார்.

செய்தார். சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடியில் கையை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். கல் உப்புக் கரைத்த பக்கெட்டில் முழங்கை வரை முக்கி வைத்தார். பொருக்கு கட்டியதும் நகத்தால் பிய்த்தார். அதுவும் போதாமல், ஷூ ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, காய்ந்ததும் அப்படியே உரித்தார். தோல் வேலை செய்கிறவளுக்குத்தான் அந்தப் புத்தி வரும். பொருக்கோடு சதையும் வந்தது. நாங்கள் அலறினோம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, உரித்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் நீலமாக மை ஒட்டியிருந்தது. கை வீங்கிக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, முதல் இரண்டு எழுத்து போய், 'பன்' மட்டும் பாக்கி இருந்தது. டீக்கு ரோசலின் பன் கொண்டுவந்திருக்கா என்று லைன் முழுக்கச் சிரித்தோம். அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அவன் சிரிக்கவில்லை. மறுபடியும் அதே கடைக்கு இழுத்துப் போனான். கடைக்காரர் மாட்டேன் என்றதற்கு அவருடைய கண்ணாடி அலமாரி உடைந்தது. பழைய எழுத்தின் மேலேயே இன்னும் ஆழமாகக் குத்தினார்கள். வீட்டுக்கு வந்து அவன் சொன்னதை அக்கா வரி மாறாமல் எங்களிடம் சொன்னார்: "தோல்ல மையால எழுதினா சுண்ணாம்புல போயிடும். அதான் நாங்க லாட் நம்பரை உளி வெச்சித் துளை போட்டு அடிப்போம். இந்த வாட்டி பேரு போச்சின்னா அந்த உளியை எடுத்தாந்து உன் கைல அடிப்பேன்." சொன்னபோது அக்கா அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இந்த முறை அவனே காவல் இருந்தான். காலையும் மாலையும் தானே கழுவினான், தட்டி ஈரம் ஒற்றினான், களிம்பு தடவினான். வேலைக்கு வரும்போது முழுக்கைச் சட்டை போட வைத்து, மாலையில் திறந்து பார்த்தான். பிள்ளைக்குக்கூட ஒருத்தன் அப்படிப் பார்க்க மாட்டான். ஆனால் அடி நிற்கவில்லை. முதுகு, தொடை, தலை, எங்கே வேண்டுமானாலும் விழுந்தது. அந்தக் கை ஒன்றில் மட்டும் விழாது. அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மூஞ்சிக்கு முன்னாடி இந்தக் கையை நீட்டினா போதும், அப்படியே நின்னுடறான். அவன் பேரை அவன் அடிக்க மாட்டான்டி" என்றார்.

புண் ஆறினால் மை கெடும் என்ற பயம் அவனுக்கு இருக்காது, அந்தத் தடுப்பும் போய்விடும், அவன் பெயரும் நிலைத்துவிடும். பிய்த்துப்போட்டால் உளி வரும். சாப்பாட்டு நேரத்தில் அக்கா இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போலீசுக்குப் போகலாம் என்றேன். ஏற்கெனவே போய்ப் பார்த்தாயிற்று, சமாதானம் பேசி அவனோடுதான் அனுப்பி வைத்தார்கள் என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு மாலை, அவனுடைய தோஸ்துகள் நாலு பேர் வீட்டில் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் அம்மா கேக் கொண்டுவந்திருந்தார். ஏதோ பேச்சில் அந்த அம்மாவை அவன் பிடித்துத் தள்ளினான். வயதான மனுஷி கதவில் மோதி நெற்றி கிழிந்தது. அக்கா நடுவில் போய் நின்று, நண்பர்கள் எல்லார் காதிலும் விழும்படி, இந்தக் கையில் உன் பெயர் இருப்பதற்குப் பதில் தெருநாய் பெயர் இருந்தால் கௌரவமாக இருக்கும் என்றார். அவன் பெல்ட்டை உருவிப் பக்கிள் பக்கமாக வீசினான். முகத்துக்கு வந்தது. அக்கா முன்போல் கையைக் காட்டிவிட்டு நிற்கவில்லை. பெல்ட் வருகிற வேகத்துக்கு எதிராகக் கையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பித்தளை பக்கிள் பச்சைப் புண்ணில் பாய்ந்து, அவன் பெயரை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கேக் மேலெல்லாம் தெறித்தது.

தையல் போட்டுக்கொண்டு அம்மா வீட்டில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். "அவன் கையாலயே அழிக்க வெச்சிட்டேன் பாத்தியா" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழாதே, போய் டீ போடு என்று விரட்டினார். அதன் பிறகு அவன் வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை. கோர்ட்டில் விவாகரத்து வழக்கும் போட்டார். அந்தப் புண்ணை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். தேய்க்காமல் கழுவினார், மெல்லிசாகக் களிம்பு தடவினார், வெயில் படாமல் மூடி வைத்தார். கடைக்காரர் சொன்னதை எல்லாம் அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டார். ஓரத்தில் தப்பியிருந்த மையும் வருஷம் போகப் போக மங்கி, பாசி படிந்த மாதிரி ஆகிவிட்டது.

"செத்தாலும் நான் அவன் ஊர் மண்ணுக்குப் போகக் கூடாது. எங்கம்மா ஊர்லதான் போடணும்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

இப்போது அக்காவின் உடலை வாங்கப் போனபோது, ஆஸ்பத்திரி சவக்கிடங்கு வாசலில் அவன் பூ கட்டிய வண்டியோடு நின்றிருந்தான். வழக்கு முடியவில்லை, சட்டப்படி இன்னும் தான்தான் புருஷன் என்று சத்தம் போட்டான். அவன் தம்பிகள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்து இழுத்தார்கள். எங்கள் லைன் பெண்கள் மறுபக்கம் பிடித்தோம். ஒருத்தன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே கொடுத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமே இல்லை. அக்கா எங்களுக்கு நடுவில் வெள்ளைத் துணிக்குள் ஆடிக்கொண்டிருந்தார். பெண் எஸ்.ஐ. ஒருவர் லத்தியோடு ஓடிவந்து எல்லாரையும் பிரித்தார்.

"கேஸ் போட்டா இன்னா மேடம்? அவ தோல்ல என் பேரு இருக்குது. இடது கையைப் பாருங்க" என்றான் ஸ்டீபன்.

கிழித்ததைத்தான் அவன் பார்த்தான். ஆறியதைப் பார்த்ததில்லை. எஸ்.ஐ. துணியை விலக்கிக் கையைத் திருப்பிக் காட்டினார். அவன் குனிந்தான். கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தான், மேலே ஏதோ அழுக்கு மூடியிருக்கிற மாதிரி. தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"பேரு எங்கய்யா?" என்றார் எஸ்.ஐ. "இங்க தழும்புதான இருக்குது. இது எப்படி வந்துச்சி?"

அக்காவின் அம்மாதான் பதில் சொன்னார். "அவனோட பெல்ட்டும்மா."

எஸ்.ஐ. அவன் கையைத் தட்டிவிட்டுத் துணியைப் போர்த்தினார். அந்த அம்மாவைப் பார்த்து, "நீங்க வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்கம்மா" என்றார்.

அம்மா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பெட்டியில் கைகளைக் கூப்பி, துணியால் மூடி வைத்திருந்தார்கள். மூடி போடப் போகும்போது அம்மா தடுத்தார். மகளின் இடது கையை மட்டும் வெளியே எடுத்து, தழும்பு மேல்பக்கம் தெரியும்படி நெஞ்சின் மேல் வைத்தார். பிறகுதான் ஆணி அடிக்க விட்டார்.

போய் வாருங்கள், அக்கா. உங்களோடு அவன் பெயர் மண்ணுக்குள் போகவில்லை.