மூணு அட்சரம் லேட்

மந்தைவெளியில் நானும் நண்பனும் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமா, ஆன்லைனில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். வைஃபை அவருடையதுதான், எங்களுக்கும் அதுவே.

ஒருநாள் மாமா மாடியேறி வந்தார். "ஒரு வாரமா நான் வாசிச்சா, வெளிநாட்டுல இருக்கற பையன் வாசிக்கற பதில் மூணு அட்சரம் லேட்டா வர்றதுடா. இந்த சனிக்கிழமையும் இப்படின்னா அங்கேயே வேற வாத்தியார் பாத்துக்கறேங்கறார் அவன் அப்பா. ஏழு வருஷமா என்கிட்ட கத்துக்கறவன்டா."

தாளம் எண்ணும் அட்சரத்தில் அளந்தால் எப்படி? மில்லிசெகண்டில் அளக்க என்னிடம் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், இருந்தது. எந்த சர்வரில் கேம் ஆடினால் வேகம் என்று பார்க்கப் போன வாரம்தான் எழுதி ஓட்டியிருந்தேன். நாற்பது சர்வர்களிடம் ஒரே நேரத்தில் 'இருக்கியா?' என்று கேட்கும். யார் எவ்வளவு நேரத்தில் பதில் சொன்னார்கள் என்று வரிசைப்படுத்தும். ஒவ்வொன்றாகக் கேட்பது ரேஷன் கடை வரிசை. இது கல்யாணப் பந்தி, நாற்பது இலைக்கும் ஒரே சமயத்தில் சாம்பார்.

"கண்டுபிடிச்சிடலாம் மாமா," என்று மறுபடி ஓட்டினேன். நம்பிக்கை வராமல் இன்னும் நாலு தடவை.

சனிக்கிழமை லேப்டாப்போடு அவர் கூடத்தில் உட்கார்ந்தேன். மாமா வாசித்துவிட்டு விரல் மடித்தார். "இன்னிக்கு அஞ்சு."

"உலகமே ஸ்லோ மாமா. நாற்பதும் ஸ்லோ," என்று திரையைக் காட்டினேன். மாமாவின் வீடியோவில் பையனுக்குப் பின்னால் அவன் அப்பா வந்து நின்றார். இனி என்னத்தை அளக்க என்று லேப்டாப்பை மூடினேன்.

"அரை," என்றார் மாமா, அடுத்ததை வாசித்துவிட்டு.

திறந்தேன்.

"அஞ்சு."

மாமா வைஃபை பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "மூடு. ம், அரை. தொற. அஞ்சு."

சத்தம் கேட்டு இறங்கி வந்த நண்பன் எட்டிப் பார்த்தான். "மச்சி, இன்னா இது, நிறுத்தவே இல்லியா நீ? போன வாரத்துதும் ஓடிக்கினு கீது."

பதில் வந்ததும் திரும்பக் கேள் என்று எழுதியிருந்தேன். எப்போது நிறுத்துவது என்று எழுதவில்லை. ஓட்டிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புதுப் பந்தி உட்கார்ந்திருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். பையனின் பதில் சரியாக வந்து விழ, அவன் அப்பா தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

இப்போதும் சனிக்கிழமையானால் மாமா கீழேயிருந்து குரல் கொடுப்பார். "மூடியாச்சாடா?"

நண்பன்தான் பதில் சொல்வான். "அதும்மேலயே குந்திக்கினு கீறேன் மாமா. நீங்க வாசிங்க."