மடியில் அடங்கும் பை

என் மனைவியின் பையிலிருந்து ஒரு மாற்றுச் சேலையையும், அதற்குள் சுருட்டியிருந்த துணிகளையும் எடுத்துக் கட்டிலில் போட்டேன். இது வேண்டாம், வைத்துவிட்டு வா என்றேன். அவள் வைத்துவிட்டு வந்தாள். நான் செய்த தவறு இதுதான். எழுதிப் பார்த்தால் நாலு வரியில் முடிந்துவிடுகிறது.

முப்பது வருடங்களுக்கு மேல், போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். மதுரையில் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால் முதலாளிக்கு என்மேல் நம்பிக்கை. விடிவதற்குள் போடியிலிருந்து வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். ஒரு ஜீப்பில் பதினைந்து பேர் உட்கார வேண்டும் என்றால் பைக்குத் தனியாக இடம் கிடையாது. மடியில் அடங்காத பை ஜீப்பில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். சாயங்காலம் இன்னொரு வழக்கம் உண்டு. ஸ்டோர் வாசலில் ஒரு சாக்கை விரிப்போம். பெண்கள் வரிசையாக வந்து பையைச் சாக்கில் கவிழ்த்துக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏற வேண்டும். பச்சை ஏலக்காயை யாரும் ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பதற்கு. பல தோட்டங்களில் இருந்த வழக்கம்தான். தூக்குவாளி, வெற்றிலைப் பொட்டலம், மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள், மடித்து வைத்த பழந்துணிகள் எல்லாம் சாக்கில் விழும். துணிகளைக் குச்சியால் விலக்கிப் பார்ப்பேன். அவை எதற்கான துணிகள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விலக்கினேன்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வெளியூர் கிளம்பும்போதெல்லாம் மனைவியின் பையைக் கவிழ்ப்பேன். பாதியை எடுத்துவிட்டு மீதியைத் திருப்பித் தருவேன். அதை நான் உதவி என்று நினைத்திருந்தேன்.

அந்த மே மாதம் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியோடு வந்திருந்தார்கள். மதுரைப் பக்கம் உள்ள ஒரு தீம் பார்க்குக்குப் போகலாம் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். மாப்பிள்ளையின் கார் சின்னது. ஐந்து பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பை கட்டுகிற சோலியை நான் எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், பேத்திக்கு மட்டும் ஒரு மாற்றுத் துணி. முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

காலையில் மனைவி தன் பையோடு கூடத்துக்கு வந்தாள். பை உப்பியிருந்தது. வாங்கி ஒரு விரலில் தூக்கிப் பார்த்தேன்.

"என்ன இது, சாப்பாட்டு மூட்டையா? வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க."

"சாப்பாடு இல்லங்க. துணிதான்."

கட்டிலில் கவிழ்த்தேன். மஞ்சள் துணிப்பை ஒன்று விழுந்தது. அதற்குள்ளிருந்துதான் அந்தச் சேலையை உருவினேன்.

"ஒரு நா போய்ட்டு வர்றதுக்கு மாத்துச் சேலையா? நீ என்ன தண்ணியிலயா ஆடப் போற?"

"அது இருக்கட்டும்ங்க. பாரமா இருந்தா நானே மடியில வச்சுக்குறேன்."

"எதுக்குன்னு சொல்லு, வச்சுக்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை கார் சாவியோடு நிலையருகே நின்றிருந்தார்.

"பாத்தீகளா மாப்ளே, காரணம் கேட்டா பேச்சு வராது" என்றேன். மாப்பிள்ளை மரியாதைக்குச் சிரித்தார். "வெரசா கெளம்புங்க அத்தை, வெயில் ஏறிரும்" என்றார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்னால் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். இருமினால், சிரித்தால், எடை தூக்கினால் சிறுநீர் நிற்க மாட்டேன் என்கிறது, ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று பதில் சொன்னேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் மறந்துவிட்டேன். பை கட்டிய காலையில் அது என் நினைவில் இல்லை என்பது உண்மை.

பூங்கா வாசலில் பை சோதனை நடந்தது. சீருடை போட்ட ஒரு பெண் எங்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார் ஒண்ணுமே இல்ல, எல்லாரும் உங்கள மாதிரி வந்தா எனக்குச் சோலியே இல்ல" என்று சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இன்னமும் நன்றாக நினைவிருக்கிறது.

உள்ளே போனதும் மனைவி ஒரு வேப்பமர நிழலில் பெஞ்சு பார்த்து உட்கார்ந்தாள். மத்தியானம் வரை அங்கிருந்து நகரவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாயை நனைத்துக்கொண்டு திருப்பித் தந்தாள். வெயில் கொதித்தது. கழிப்பறைக்கு மட்டும் மூன்று தடவையோ நான்கு தடவையோ எழுந்து போனாள். இதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டுமா என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தி மனைவியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மாச்சி, ஒண்ணே ஒண்ணு. கிண்ணத்துல உக்காந்தா போதும், அதுவே சுத்தும்."

"நான் வரல தாயி. எனக்குத் தலை சுத்தும்."

"சுத்துறதுக்குத்தான அம்மாச்சி காசு குடுத்திருக்கோம்!"

பக்கத்தில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்துவிட்டு எழுந்து போனாள். பெரிய பெரிய கிண்ணங்கள் சுழல்கிற ராட்டினம். கிண்ணம் வேகம் எடுக்க எடுக்க அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. நான் கையசைத்தேன்.

ராட்டினம் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கினாள். முந்தானையைப் பின்பக்கம் இழுத்துச் சுற்றிக்கொண்டாள். எங்களிடம் வரவில்லை. நேராக அலைக்குளத்தைப் பார்த்து நடந்தாள். கடல் மாதிரி செயற்கையாக அலை அடிக்கிற பெரிய குளம் அது. ஆற்றில்கூடக் கணுக்காலுக்கு மேல் இறங்காதவள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையோடு உள்ளே போனாள். காவலுக்கு நின்ற பையன் விசில் ஊதினான்.

"அம்மா! சேலையோட எறங்கக் கூடாது! அம்மா!"

இடுப்பு நனைகிற இடத்தில் நின்றாள். அடுத்த அலை வந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கழுத்து வரை வந்தது. பேத்தி கைதட்டிக் குதித்தாள். "அம்மாச்சி செம!" என்று கத்தினாள். மாப்பிள்ளை போனில் படம் எடுத்தார்.

கரையேறி வந்தவளை அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன்.

"புத்தி இருக்கா? மாத்துத் துணி இல்லன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றாள்.

பூங்காக் கடையில் நைலான் சட்டையும் கால்சட்டையும்தான் இருந்தன. மகள் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினாள். வேண்டாம், காயட்டும் என்று மனைவி வெயிலில் போய் நின்றாள். திரும்பி வரும்போது கார் சீட்டில் துண்டை விரித்து உட்கார வைத்தோம். உசிலம்பட்டி தாண்டும்வரை அவளுக்கு நடுக்கம் இருந்தது. ஏசியை நிறுத்தச் சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். அவள் குளிக்கப் போனாள். கட்டிலில் காலையில் நான் போட்டது போட்டபடி கிடந்தது. எடுத்து வைக்கலாம் என்று சேலையை மடித்தேன். அதற்குள்ளிருந்து ஒரு உள்பாவாடையும் ஆறு துணித் துண்டுகளும் விழுந்தன. என்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து, நான்காக மடித்து, ஓரம் தைத்தவை. அப்போதுதான் அவள் ஒரு வருடம் முன்னால் சொன்னது நினைவுக்கு வந்தது. சிரித்தால் என்று அவள் சொல்லியிருந்தாள்.

திரும்ப மஞ்சள் பையில் போட்டு அலமாரியில் வைத்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அழுகை வரவில்லை. மரத்துப் போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி அந்த வாரம் போயிற்று.

அதன் பிறகு அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். சிலமலையில் தம்பி மகன் கல்யாணம், குரங்கணியில் கோயில் கொடை, எதற்கும் முட்டு வலி என்றாள். நான் தனியாகப் போய் வந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் நானும் முட்டு வலி என்றேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது.

ஒரு நாள் போடி பஸ் ஸ்டாண்டில் பழைய தோட்டத்துப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். தோளில் பெரிய பை.

"சார்! நல்லா இருக்கீகளா? பைய கவுத்துக் காட்டட்டா?"

கூட இருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஏ, சும்மா இருடி. பாவம், வயசாயிருச்சு" என்றாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். தோட்டத்துப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது ஒன்று வாய் வரை வந்தது. அதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "என்னைக்கு?" என்று கேட்டாள்.

பூங்காவுக்குப் போன நாள் என்றேன். சேலை என்றேன். அவள் சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டு, "அது கெடக்கு, விடுங்க" என்றாள். என்னைக்கு என்று அவள் கேட்டது தெரியாமல் கேட்டது அல்ல. எண்ணிப் பார்த்தால் நிறைய நாட்கள் இருந்தன.

அந்த வாரமே தேனிக்கு ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பஸ்சில் அவளுடைய பை என் மடியில் இருந்தது. அதைத் திறக்கவில்லை. டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவு வழியாக, "இத்தனை நாளா ஏம்மா வரல?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. "வீட்ல சோலி சரியா இருந்துச்சு" என்றாள் என் மனைவி. மாத்திரையும் சில பயிற்சிகளும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் குணம் தெரிந்தது. முழுதாகச் சரியாகவில்லை. இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் லேசாகப் போயிருக்கும் என்றார் டாக்டர். அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இந்த மே மாதம் பேத்தி மறுபடியும் அதே பூங்காவுக்குப் போக வேண்டும் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி, "போவோம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வீட்ல இருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேஸ் வண்டி வரும், ஆள் வேண்டும் என்று சொல்கிற குரல்.

காலையில் அவளே பை கட்டினாள். கார் வரை நான் தூக்கிப் போனேன். கனமாக இருந்தது. எவ்வளவு எடை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். அது அவள் மடியில் அடங்கவில்லை. பேத்தியின் மடியிலும் பாதி ஏறி இருந்தது. கார் கிளம்பியது.

சாயங்காலம் இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். போகும்போது அரக்குச் சேலை கட்டியிருந்தாள், வரும்போது பச்சைச் சேலை. பேத்தி ராட்டினத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். மனைவி பையிலிருந்து ஈரத் துணிகளை எடுத்துக் கொல்லைக்குக் கொண்டு போனாள். கொடியில் அவற்றை விரித்துப் போடுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூட வந்து பிழியட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முடிந்துவிட்டது என்றாள்.