கையெழுத்துக்கு மேலே இருந்த சொல்

மீன் கிடங்கின் சாவி அவள் இடுப்பில் இருந்ததால் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. அந்தப் புதன்கிழமை காலையிலிருந்தே அவளுக்குப் பயம். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். தினமும் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள், எதற்காகப் போடுகிறோம் என்று அவர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமாம். சொல்லத் தெரியாதவர்களைப் பெட்டி தூக்க அனுப்பிவிடுவார்களாம்.

மீன் பெட்டி ஒன்று இருபத்தைந்து கிலோ. அதைத் தூக்கித் தூக்கித்தான் அவளுடைய இடது முட்டி போயிற்று. முட்டி போனதால்தான் குளிர்கிடங்கின் கதவைப் பூட்டும் வேலை கிடைத்தது. "இங்கிலீஷ் வாசிப்பியா?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "ஓ, நல்லா வாசிப்பேன் சார்" என்று சொல்லித்தான் சாவிக்கொத்தை வாங்கினாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அர்த்தம்தான் பிடிபடாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

கதவைப் பூட்டியதும், உள்ளே ஆள் இல்லை என்று கையெழுத்துப் போடும் அந்தத் தாள் வந்து மூன்று மாதம் ஆகிறது. அடியில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி, அதன் கீழே அவள் கையெழுத்து. அந்த வரியின் நடுவில் 'அசர்டெயின்' என்று ஒரு சொல் சட்டமாக உட்கார்ந்திருந்தது. "அசர்டெயின்னா தெரியும்ல?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் அதற்குமேல் பேசவில்லை. அவருக்கே தெரியுமோ தெரியாதோ, யார் கண்டது!

வேலையில் அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. கிடங்கின் வாசலில் ஆறு கொக்கிகள், உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்ள ஆறு தடித்த கோட்டுகள். கொக்கி ஆறிலும் கோட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை. வாசலில் நின்று, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு சத்தம் போடுவாள். உள்ளே ஓடும் பெரிய விசிறிகளின் இரைச்சலில் அது அவள் காதுக்கே சரியாகக் கேட்காது. பிறகு பூட்டு, கையெழுத்து, வீடு. அன்றும் அப்படித்தான் நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினாள். அங்கே கோர்ட்டில் வேலை பார்க்கும் டைப்பிஸ்டம்மா குடியிருந்தார். துண்டுச் சீட்டில் எழுதி வந்த சொல்லை நீட்டினாள்.

"என் அக்கா பொண்ணு கேட்டாம்மா. இதுக்கு என்ன அர்த்தம்னு."

டைப்பிஸ்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தெரிஞ்சுக்கறது."

"அவ்ளோதானா? அதுக்கா இவ்ளோ பயந்தேன்!"

"இருங்க, முழுசா கேளுங்க. சும்மா தெரிஞ்சுக்கறது இல்ல. நாமளே போய்ப் பாத்து, துளி சந்தேகம் இல்லாம உறுதி பண்ணிக்கறது. இப்போ நான் ஒரு வீட்டைப் பூட்டிட்டு, உள்ள யாரும் இல்லன்னு இந்த வார்த்தையப் போட்டு எழுதிக் குடுக்கறேன்னு வைங்க. ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் போனேன், கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன்னு அர்த்தம். யாரும் இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன், வாசல்ல நின்னு கேட்டேன்னா, அதுக்கு இந்த வார்த்தை ஆகாது. கோர்ட்ல இதை எழுதிட்டு மாட்டிக்கிட்டு முழிச்சவங்க எத்தனை பேரு தெரியுமா?"

சாவியக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்று காலை நெட்டையன் வந்த கோலம் கண்முன் வந்து நின்றது. நெட்டையன் என்றால் பெட்டி அடுக்குகிறவன், நாற்பது வயது, பெயருக்கேற்ற உயரம். அவனுடைய கோட்டு கிழிந்துபோனதால் புதிதாக ஒன்று கொடுத்திருந்தார்கள். "மாப்பிள்ளை மாதிரி இருக்கேனாக்கா?" என்று அவளிடமே திரும்பித் திரும்பிக் காட்டினான். கிழிந்ததை என்ன செய்தான்? சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கலாம், சாயங்காலம் எடுத்துப் போகிறேன் என்று கொக்கியில் மாட்டினான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆறு கொக்கி. ஏழு கோட்டு. ஒருவன் உள்ளே இருந்தாலும் ஆறு கொக்கியும் நிறைந்துதான் இருக்கும்.

சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் போகாமல் அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது. முட்டியாவது ஒன்றாவது, படியில் இறங்கியவள் தெருவில் ஓடினாள். அவன் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பான், நான்தான் பைத்தியம் மாதிரி ஓடுகிறேன் என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டாள். எதிரே வந்தவர்கள் எல்லோரிலும் ஒரு நெட்டையனைத் தேடினாள். கிடங்கின் வாசலுக்கு வந்தபோது கொட்டகையில் அவனுடைய சைக்கிள் நின்றது.

"நெட்டை போயிட்டானா?" என்று வாட்ச்மேனிடம் கத்தினாள்.

"நான் பாக்கலியே!"

சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். வெண்புகை கிளம்பி முகத்தில் அடித்தது. கதவோரத்திலேயே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் நெட்டையன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுத்த வேண்டிய மணிப் பொத்தான் பனி இறுகி எத்தனையோ நாளாகச் செத்துக் கிடந்தது. அவன் கதவைக் குத்தியே விரல் முட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான், பல்தான் அடித்துக்கொண்டது. பழைய கோட்டையும் எடுத்து அவன்மேல் சுற்றும்போது அவள் கதறி அழுதாள்.

உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். இரண்டு விரல் தேறுமா தேறாதா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அவளை ஓரமாக அழைத்தார். "பழைய கோட்டை மாட்டினது அவன் தப்பு. அப்படித்தான் எழுதியிருக்கேன். நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒன் வேலை ஒங்கிட்டயே இருக்கும்."

அதிகாரி இளைத்த மனிதர், அதட்டாமல் பேசினார். "இந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்?"

டைப்பிஸ்டம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். கட்டிலுக்குப் பதிலாகப் பெட்டி அடுக்குகளைச் சொன்னாள். ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னாலும் போய்ப் பார்ப்பது, விளக்கடித்துப் பார்ப்பது, பிறகு பூட்டுவது.

"ரொம்ப சரி. இவ்ளோ சரியா யாரும் சொல்லல." அவர் பேனாவை எடுத்து ஒரு குறி போட்டார். "அப்போ, தப்பு அந்த ஆள் மேலதான். இல்லையா?"

சூப்பர்வைசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முட்டி பிழைத்துக்கொள்ளும். அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதை மேஜையில் அவர் முன்னால் வைத்தாள்.

"இல்ல சார். நேத்து நான் உள்ள போய்ப் பாக்கல. எந்த நாளும் பாத்ததில்ல. அத்தனை தாள்லயும் பொய்தான் இருக்கு."

"அர்த்தம் தெரிஞ்சும் ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"தெரியாது சார்" என்றாள் சாவியக்கா. "நேத்து பூட்டிட்டுப் போனப்புறம்தான் தெரிஞ்சுது."