வேன் கூரையில் ஒழுகிய மழை

வெள்ளறடையிலிருந்து பாறசாலை சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு ஏற்றிச் செல்லும் பழைய வேன் எங்களுடையது. மழை பெய்தால் சரியாக என் தலைக்கு மேலேதான் சொட்டும். என் கணவர் முன்கண்ணாடியைச் சுற்றிப் பசை பூசிப் பார்த்தும் நிற்கவில்லை.

அன்று பெருமழை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் எனக்குக் குடை பிடித்தார். வளைவில் குடை சரிந்து அவர் கண்ணை மறைத்தது. எதிரே வந்த பஸ்ஸில் மோதாமல் மயிரிழையில் தப்பினோம்.

"நான் நனைஞ்சா காய்ஞ்சிக்கிடுவேன். நீங்க ரோட்டைப் பாக்கணுமாக்கும்!" என்று அழுதேன்.

"ஒனக்குக் காய்ச்சல் வரும்லா மக்கா" என்றார். குடையை மடக்கிக் கீழே போட்டார்.

மறுநாள் கூரையின் உள்துணியைக் கழற்றிவிட்டு நான் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்று ஒவ்வோர் இடமாகக் குழாய்த் தண்ணீர் விட்டார். முன்கண்ணாடியில் ஒன்றுமில்லை. கூரைமேல் சாமான் கட்டும் கேரியர் பக்கம் விட்டதும், "நிறுத்துங்க, இஞ்ச உண்டு வெள்ளம்!" என்று கத்தினேன். கேரியர் போல்ட்டின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. அதன் வழியே இறங்கிய தண்ணீர் தகட்டோரமாக ஓடிவந்து என்மேல் சொட்டியிருக்கிறது. எல்லா வாஷரையும் மாற்றினோம்.

இப்போது மழைக்காலத்துக்கு முன்பே இப்படிச் சோதித்துவிடுகிறோம். வழியில் மழை வலுத்தால் வண்டியை ஓரங்கட்டி, இருவருமாகச் சாயா குடித்துவிட்டே கிளம்புகிறோம்.