விரல் மூன்றாம் வரியில், வாய் ஏழாம் வரியில்

சைதாப்பேட்டையில் என் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூட்டி வந்தார்.

"பரிச்சைல ஒண்ணுமே எய்தலன்னு திரும்ப ரெண்டாங்கிளாஸ்ல குந்தவெக்கப் போறாங்களாம் மிஸ்ஸு. புள்ள சோக்கா படிக்குது. நீயே கேளு."

கேட்டேன். தமிழ்ப் பாடத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். விரல் மூன்றாம் வரியில் இருந்தது, வாய் ஏழாம் வரியில். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்றேன். முதல் வரியிலிருந்து ஓடி வந்து அதையும் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் பள்ளியில் இதற்குப் பெயர் வாசிப்பு. டீச்சர் ஒரு வரி கத்துவார், நாற்பது பிள்ளைகள் திருப்பிக் கத்தும். பெற்றோர் கூட்டத்தில் கைதட்டல் வேறு. நான் மட்டும் யோக்கியமா? பதினைந்து நாள் எழுத்து அட்டையைக் காட்டி நானும் கத்தினேன். ஒன்றும் ஏறவில்லை. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. அட்டையை ஓரம் வைத்தேன்.

"மீன்னு சொன்னா முதல்ல என்ன சத்தம் வருது?"

"மீனு சத்தம் போடாது மிஸ்."

சொல்லுக்குள் சத்தம் இருக்கிறது என்பதையே இவளுக்கு யாரும் காட்டவில்லை. அது தெரியாதவளுக்கு எழுத்து வெறும் கிறுக்கல்.

அவள் அம்மா விற்கும் மீன்களை வைத்தே தொடங்கினோம். வஞ்சிரமும் வவ்வாலும் ஒரு கூடை, மத்தியும் மடவையும் ஒரு கூடை. எல்லாம் வாயால் மட்டும்.

"கெழுத்தி?"

"ரெண்டுலயும் சேராது மிஸ். வேற கூடை எடு."

அது பிடிபட்ட பிறகு வ, ம எழுத்துகள். அவை மனதில் நின்ற பிறகு துணைக்காலும் கொம்பும். பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிப்பது. அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டியபோதெல்லாம் மறுநாள் சரிந்தாள். நாலு மாதம் ஆயிற்று.

"இன்னா மிஸ்ஸு, ரயிலு மாரி ஓடிக்கினு இருந்துச்சு. இப்போ தள்ளுவண்டியா கீது" என்று அவள் அம்மா சண்டைக்கு வந்தார்.

முடிவு சொல்லப் பள்ளி கூப்பிட்ட அன்று நானும் கூட அவள் வகுப்புக்குப் போனேன். இன்னும் நடத்தாத பாடத்தைக் கொடுங்கள் என்றேன். டீச்சர் முகம் சுளித்தபடி ஒரு பக்கத்தைத் திறந்தார். அவள் மெதுவாக எழுத்துக் கூட்டினாள். ஒரு சொல்லில் தவறினாள், தானே திரும்பி வந்து திருத்தினாள். நாலு வரி முடித்தாள்.

"திக்குதே. முன்னாடி கடகடன்னு படிப்பாளே" என்றார் டீச்சர்.

"முன்னாடி அவ படிக்கவே இல்ல மேடம். மத்த பிள்ளைங்களையும் இதே பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்க."

டீச்சர் வகுப்பை ஒரு முறை பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"சரி சரி, மூணாவதுலயே இருக்கட்டும்."