வெள்ளையாகப் போன சட்டைகள்

கரமனைப் பாலத்துக்கு இப்புறம் இருந்த ஞானையனின் தையல்கடையில், பந்தாட்டக் காலம் மைதானத்துக்கு முன்பே தொடங்கிவிடும். ஓணம் கழிந்து மழை விட்டதும் ஆற்றுக்கரை கிளப்பின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஞானையன் கழுத்தில் கிடக்கும் டேப்பை எடுத்து அவர்கள் மார்பைச் சுற்றுவார். அந்தக் கிளப்பில் பத்திரம், கையெழுத்து ஒன்றும் கிடையாது. ஞானையனிடம் அளவு கொடுத்தவன் அந்த வருஷம் ஆற்றுக்கரைக்காரன். அளவு கொடுத்துவிட்டு வேறு டீமுக்கு ஆடப் போனவன் என்று அதுவரை ஒருவனும் இல்லை.

ஞானையன் பாறசாலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஞாயிறு காலை சபை, மற்ற நேரமெல்லாம் மெஷின். சிறுவயதில் பனையிலிருந்து விழுந்ததில் இடது முட்டி மடங்காமல் போயிற்று. வலது காலால் மட்டும் மெஷினை மிதிப்பார். ஒரு பந்தைக்கூட அவர் உதைத்ததில்லை. ஆனால் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், நீட்டிய காலோடு அவர் உட்காரும் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தப் பதினோரு பேரும்தான் பேச்சு, சண்டை எல்லாம்.

சட்டைகளை அவர் வெள்ளைத் துணியில் தைப்பார். புறக்கடையில் அண்டா வைத்து நீலச் சாயம் முக்குவது அவர் மனைவி தாசம்மாளின் வேலை. ஒரு வாரத்துக்கு அவள் கை முழங்கைவரை நீலமாக இருக்கும். சபையில் பாட்டுப் புஸ்தகத்தைப் பிடிக்கும்போது பக்கத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிச் சிரிப்பார்கள்.

கோயில் நடை எல்லாருக்கும் திறந்ததற்கு அடுத்த வருஷம் கிளப் அடியோடு சிதறிக் கிடந்தது. கோல் காக்கும் கோலி கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான். இரண்டு பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். முந்தின வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, தலையைக் குனிந்துகொண்டு வந்த டீம் அது. அதை ஆள் மாற்றி, இடம் மாற்றி, புதிதாக நிறுத்தியாக வேண்டும். ஞானையன் அதையே நினைத்துக்கொண்டு தைத்தார்.

"கப்பு இந்த வருஷம் நமக்கு வேண்டாம் வேய்," என்றார், எதிர் வெற்றிலைக்கடை சுவாமிதாஸிடம். "செமி பைனல்வரைக்கும் போனா மதி. பயலுவளுக்கு ஒருத்தன் காலு ஒருத்தனுக்குப் பழகணும். பின்னால நிக்க பேக்கு ரெண்டும் நெய்யாற்றங்கரைப் பயலுவ, மதிலு மாதிரி நிக்கானுவ. வலத்தே ஓரத்துல தபால் ஓட்டக்காரன். பை இல்லாம ஓடவிட்டா அவன எவன் பிடிக்கது? நடுவில நம்ம வேலாயுதன். அடுத்த வருஷம் பாரும், கப்பு இந்த மெஷின் மேலதான் இருக்கும்."

"அதுல நீரு சோறு வச்சுத் திங்கும். வேலாயுதன் நிப்பானா?"

"அளவு தந்திருக்கான்லா."

சுவாமிதாஸ் ஒரு வெற்றிலையை எடுத்து வெகுநேரம் சுண்ணாம்பு தடவினார்.

வேலாயுதனைப் பற்றி ஞானையனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. கணுக்கால் பிசகிக் கிடந்தபோது இந்தக் கடைக்குப் பின்னறையில்தான் அவன் படுத்திருந்தான். தாசம்மாள் எண்ணெய் காய்ச்சித் தடவி, கஞ்சி கொடுத்து அவனை நடக்க வைத்தாள். அளவு கொடுக்க வந்த அன்று அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது அவருக்குப் பின்னால்தான் ஞாபகம் வந்தது.

தைத்து முடித்த சட்டைகளை வாங்கக் கிளப்பின் செக்ரட்டரி வெங்கடேஸ்வரன் வந்தார். ஸ்ரீவராகத்துக்காரர், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா.

"வெள்ளையாவே கட்டிக் குடும் ஓய். சாயம் நாங்களே முக்கிக்கறோம். மில் சாயமாக்கும், துவைச்சாலும் போகாது. உம்ம வீட்டுக்காரிக்கு எதுக்கு வருஷா வருஷம் சிரமம்?"

"சாமி நல்லாயிருக்கணும்," என்றாள் தாசம்மாள் உள்ளேயிருந்து. "இனி சபையில நானும் மனுஷியப்போல கைய வெளிய வச்சு இருப்பேன்."

முதல் ஆட்டத்தன்று ஞானையன் சீக்கிரமே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். சுவாமிதாஸும் கூட வந்தார். விசில் ஊதியதும் வேலாயுதன் முன்னால் வர, பின்னால் பத்துப் பேர் ஓடிவந்தார்கள். அத்தனை சட்டையும் சிவப்பு.

"சாயக்காரன் கெடுத்துட்டான்," என்றார் ஞானையன். "சாமிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். போட்டும், நெறத்துல என்ன இருக்கு." கையைத் தட்டி, "வேலாயுதா, எடதுபக்கம் பாருடே," என்று கத்தினார். முதல் கோல் விழுந்தபோது சுவாமிதாஸின் தொடையில் ஓங்கி அடித்தார். சுவாமிதாஸ் சிரிக்கவில்லை.

"மதி வேய், கத்தாதேயும். ஆளுவ பாக்கானுவ. ஆற்றுக்கரை கிளப்பு இப்பம் இல்ல. இது கயிறு கம்பெனி முதலாளிக்க டீமு."

ஞானையன் திரும்பிப் பார்த்தார். "ஒமக்கு எப்பம் தெரியும்?"

"ஓணத்துக்கு முன்னயே. எல்லாவனுக்கும் தெரியும். நீரு சந்தோஷமாட்டுச் சொல்லிட்டு இருந்தீரு. நான் எப்படி..."

தினமும் தன் கடைக்கு முன்னால் நின்று அந்தக் கணக்கைக் கேட்டுத் தலையாட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக ஞானையனுக்கு முன்னால் வந்து போயின. மைதானத்தில் தபால் ஓட்டக்காரன் அவர் சொன்னபடியே ஓடினான். பேக்குகள் அவர் சொன்னபடியே நின்றார்கள். அவர் கட்டிய கழுத்துப் பட்டியும் இரட்டைத் தையலும் பதினோரு முதுகில் சிவப்பாகத் தெரிந்தன.

இடைவேளையில் வெங்கடேஸ்வரன் தாமே வந்தார்.

"கோவிச்சுக்காதேயும். கிளப் செத்துப்போறதுக்கு இருந்தது. முதலாளி எல்லாருக்கும் வேலை தரேன்னார். நீர் சொன்ன டீம்தானே ஓய், ஒரு ஆள் மாறலியே? துணிதான் கொஞ்சம் நிறம் மாறித்து."

"எங்கிட்ட இருந்து போகும்போ அது வெள்ளையாத்தான் சாமி இருந்தது."

"சொல்லியிருந்தா நீர் தைச்சிருப்பீரா?"

ஞானையன் காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். பாக்கி ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் தாசம்மாள் கேட்டாள். அவர் சொன்னார். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புறக்கடைக்குப் போய் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்கப்புறம் ஆட்டம் பார்க்க அவர் போகவில்லை. டீம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஒரு மாலை வேலாயுதன் கடைவாசலில் வந்து நின்றான். கையில் சிவப்புச் சட்டை.

"அண்ணாச்சி, கக்கம் விட்டுப்போயி. ஞாயறாழ்ச்ச செமி உண்டு." சற்றுப் பொறுத்து, "அண்ணாச்சி சொன்ன மாதிரித்தன்னெ," என்றான்.

ஞானையன் சட்டையை வாங்கித் திருப்பினார். மில் சாயத்தில் நூல் வெந்துபோயிருந்தது.

"நான் எந்து செய்யும் அண்ணாச்சி? அம்மைக்கும் தங்கச்சிக்கும் நான் மட்டுந்தானே உள்ளு. முதலாளி சோலி தந்நு. செக்ரட்டரி சொன்னாரு, அண்ணாச்சிகிட்ட அவரே சொல்லிக்கிடுவாருன்னு."

ஞானையன் சட்டையை மெஷின் மேல் போட்டுவிட்டு எழுந்தார். கழுத்திலிருந்து டேப்பை எடுத்து இரண்டு கையிலும் பிடித்தார்.

"கையத் தூக்கு."

"அளவு தந்ததல்லே அண்ணாச்சி?"

"அது ஆற்றுக்கரைக்குத் தந்தது. இது யாருக்குன்னு சொல்லிட்டுக் கையத் தூக்கு. தச்சுத் தாறேன்."

தாசம்மாள் உள்வாசலில் வந்து நின்றாள். வேலாயுதன் அவளைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான். அவன் கைகள் தொடையோடு ஒட்டியபடியே இருந்தன. பிறகு மெஷின் மேல் கிடந்த சட்டையை எடுத்துச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினான்.

எதிர்க் கடையில் சுவாமிதாஸ் வேறு பக்கம் பார்த்தார். ஞானையன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் ஜம்பரை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார்.